நடுப்பகலில் இருட்டுப் பார்த்தவன்

நட்சத்திரம் பார்க்கிற ஒருவனுக்கு இருட்டு என்றால் பயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அது நான்தான். பெங்களூரில் வானம் பார்ப்பவர்கள் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்துகொண்டே, வீட்டில் கரண்ட் போனால் "அண்ணீ!" என்று கத்தியவன். (அப்போது வயது இருபத்தெட்டு. மீசை வேறு.) இதைச் சங்கத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததால் வந்த வினையை எழுதுகிறேன். எழுதும்போதே காது சூடாகிறது.

ஜீவனஹள்ளியில் ஒரு ஹால், ஒரு சமையலறை கொண்ட வாடகை வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் கைக்குழந்தை, நான். விமலா அண்ணிக்கு ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. என்னோடு ஒருநாள் சும்மா சங்கத்துக்கு வந்தவர், டெலஸ்கோப்பின் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துச் செய்யலாம் என்று கேள்விப்பட்டார். அவ்வளவுதான். ஒரு தண்ணீர் டிரம்மின் மேல் ஆறு அங்குலக் கண்ணாடி வில்லையை வைத்து, பொடியும் தண்ணீரும் விட்டு, ஒன்றரை வருஷம் தேய்த்தார். கரகர, கரகர. இடையில் பிறந்த குழந்தை அந்தச் சத்தம் நின்றால்தான் அழும்.

கடைசியில் நாலரை அடி பி.வி.சி. குழாயில் டெலஸ்கோப் தயாராகி, ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டது. மொட்டை மாடியில் அண்ணனுக்கு நிலாவைக் காட்டினார்.

"இதத் தெருநாய்கூட சும்மாவே பாக்குதேம்மா. இதுக்கா ஒன்றரை வருஷம்?"

"ஆண்ட்ரோமீடான்னு ஒண்ணு இருக்குங்க. அந்த வெளிச்சம் கெளம்பி இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆச்சு. இங்க தெருவிளக்குல தெரியாது. இருட்டான எடத்துக்குப் போனா காட்டுறேன்."

அண்ணன் ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். பேச்சு சுருக்கமாக இருக்கும். "ஒரு தடவ வர்றேன். காட்டிட்டா குழாய் இங்க இருக்கட்டும். இல்லன்னா குழந்தை தவழ எடம் வேணும், இது வெளிய போகணும்."

நல்ல இருட்டான இடத்தைத் தேடும் பொறுப்பைச் சங்கம் அந்த மாதம் என்னிடம்தான் கொடுத்திருந்தது. எனக்கு ஹெப்பகோடியில் வேலை, அந்தப் பக்கம் ஊர் தாண்டினால் வெறும் வயல் என்பது அவர்கள் கணக்கு. விதி ஒன்றுதான். அமாவாசையை ஒட்டி ராத்திரி போய், டார்ச் அடிக்காமல் அரைமணி நேரம் நின்று, கண் பழகிய பிறகு எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை தெரிகிறது என்று எழுத வேண்டும்.

தனியாக. ராத்திரி. அரைமணி நேரம். நானா?

ஒரு சனிக்கிழமை ஆஃப் டே முடிந்ததும் ஸ்கூட்டரில் ஆனேகல் பக்கம் போனேன். மணி பன்னிரண்டரை. அருமையான வெட்டவெளி. மலை இல்லை, வீடு இல்லை, தெருவிளக்குக் கம்பம் இல்லை. நடுவில் சேவந்திப்பூத் தோட்டம். அதன் மேல் வரிசை வரிசையாக ஒயர் கட்டி பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 'ஏதோ ஜாத்ரெ முடிஞ்சிருக்கு, இன்னும் அவுக்கல' என்று முடிவு கட்டினேன். (பூத்தோட்டத்துக்குள் எந்த ஊரில் திருவிழா நடத்துகிறார்கள் என்று மூளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.) ஓர் எளநீர் குடித்துவிட்டு மரத்தடியில் படுத்துத் தூங்கியும் விட்டேன்.

சங்கத்தில் கொடுத்த ரிப்போர்ட் இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "இரவு பத்து மணி வரை இருந்தேன். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. மிக மங்கலான ஆறாம் தர நட்சத்திரம் வரை வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தூரத்தில் நரி ஊளையிட்டது."

நரியைச் சேர்த்திருக்க வேண்டாம். கைதட்டினார்கள், அதனால் மேலும் இரண்டு நரி சேர்த்தேன்.

அடுத்த அமாவாசைக்கு வேன் பிடித்துப் பதினெட்டு பேர் கிளம்பினோம். கண் கூசக்கூடாது என்று எல்லோரும் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அண்ணனும் சொன்னபடி வந்தார், மடியில் குழந்தை. அண்ணி தன் டெலஸ்கோப்பின் கண்ணாடியைப் பழைய புடவையில் சுற்றி, இன்னொரு குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். இறங்கி டெலஸ்கோப்பை நிறுத்தினோம். நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி குழாயைத் திருப்பி, குறி பார்க்க அதன் மேல் பொருத்தியிருந்த சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, "இதோ, இதோ..." என்றார்.

பளிச்.

முந்நூறு பல்பு ஒரே சமயத்தில் எரிந்தது. ஏக்கர் கணக்கில் வெளிச்சம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. என் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. பதினெட்டு பேரும் சிவப்பு டார்ச்சைக் கையில் பிடித்தபடி நின்றோம்.

செக்ரட்டரி நாராயணன் சார், ரிட்டயர்டு எஞ்சினியர், மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, கையை நீட்டினா விரல் தெரியலைன்னு எழுதியிருந்தியே?"

"அன்னிக்கு... கரண்ட் இல்ல சார்."

அதோடு தப்பித்திருப்பேன். ஆனால் தோட்டக்காரர் நாகப்பா ஸ்விட்ச் ரூமிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அரே, நீவா சார்! ஆவத்து மத்தியான மரத கெளகே மலகித்ரல்லா!"

மத்தியானம் வந்து மரத்தடியில் தூங்கினவர்தானே என்கிறார். பதினெட்டு பேருக்கும் கன்னடம் தெரியும். பெங்களூரில் பிறந்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

விளக்கை அணைக்க முடியுமா என்று நாராயணன் சார் கெஞ்சினார். நாகப்பா நல்ல மனிதர், உட்காரச் சொல்லி விளக்கினார். ராத்திரி நீளமாக இருந்தால் சேவந்தி குட்டையாக இருக்கும்போதே மொட்டு விட்டுவிடுமாம். அதனால் தினமும் பத்து மணி வரை விளக்குப் போட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை நம்ப வைக்கிறாராம். இன்றைக்கு அணைத்தால் பயிர் கெட்டுவிடுமாம்.

அவர் செடியிடம் ராத்திரியைப் பகல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சங்கத்திடம் பகலை ராத்திரி என்று சொல்லியிருந்தேன். வித்தியாசம், அவருக்கு அதில் பூ வந்தது.

வேன் ஒன்பது மணி வரைதான். அண்ணனுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். கிளம்பும் முன் அண்ணன் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம், நேர்மையாகப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு. ஒண்ணும் தெரியலம்மா."

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வருஷம் கழித்து எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. கண்ணாடியைப் புடவையில் சுற்றிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார். "நரி ஊளையிட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்களே தம்பி?"

"அந்த நரி இங்கதாம்மா நிக்குது" என்றார் அண்ணன்.

சொன்ன சொல் மாறாதவர் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப் வீட்டைவிட்டுப் போனது. நாராயணன் சார் வீட்டு மோட்டார் ஷெட்டுக்கு, என் தோள் மேல். தெரு முழுக்க, "என்ன சார், போர்வெல்லா?" என்று கேட்டார்கள். அண்ணி கதவைப் பிடித்தபடி நின்றார். குழாய் இருந்த இடத்தில் குழந்தை சந்தோஷமாகத் தவழ்ந்தது.

அடுத்த மாதம் கொள்ளேகால் பக்கம் ராத்திரியில், தனியாக, டார்ச் இல்லாமல், அரைமணி நேரம் நின்றேன். ஸ்கூட்டரின் கைப்பிடியை விடவேயில்லை. உண்மையாகவே ஏதோ ஊளையிட்டது. அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை, யார் நம்புவார்கள்? பிறகு சங்கத்தோடு போனபோது, அந்த இடத்தில்தான் அண்ணி தன் கண்ணாடியில் ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தார். அண்ணன் வரவில்லை. "ஒரு தடவன்னு சொன்னேன், வந்துட்டேன்" என்றார். இன்றுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. அந்தக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது யார் எதைச் "செக் பண்ணிட்டேன்" என்றாலும், "மத்தியானமா?" என்று ஒரு குரல் வரும். கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, எல்லாவற்றுக்கும். போன வருஷம் அன்றைக்குத் தவழ்ந்த அதே பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. நான்தான் விசாரிக்கப் போனேன். நல்ல உபசரிப்பு, கேசரி, காபி. திரும்பி வந்து, "தங்கமான பையன், தீர விசாரிச்சுட்டேன்" என்றேன்.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ராத்திரியிலயும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருங்க தம்பி."

போனேன். நல்லவேளை, போனேன்.