சுவரைப் பார்த்து வாசிக்க ஒரு கிட்டார்

முதலில் தப்பு செய்தது மச்சான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சாவிக்காரருக்குத்தான் கல்நெஞ்சு என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பூட்டுகளுக்குச் சாவி வெட்டிக் கொடுக்கும் நம் சாவிக்காரர் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஒயரைச் செருகினார். கிட்டார் 'ம்ம்ம்' என்று இரைந்தது. அவர் விரல் இன்னும் கம்பியில் படவே இல்லை. அதற்குள் மனைவியின் அண்ணன் கைதட்டிவிட்டு, "முதல் பாட்டு நல்லா இருந்துச்சு மாப்ளே, அடுத்தது வாசிங்க" என்றார். கூடமே சிரித்தது. மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினால் மட்டும் தெரியாதா?

அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது. அவர் வந்து, 'தப்பா சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சாவிக்காரர் காத்திருந்தார். மச்சான் குடியிருப்பது எதிர்வீட்டு மாடியில். நடந்தால் நாற்பது அடி. லேத்துப் பட்டறையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற மனிதருக்கு அந்த நாற்பது அடி மட்டும் நடக்க முடியவில்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு காந்தச் சுருள் இருக்கும். அது கம்பியின் அசைவைப் பிடிப்பதோடு நிற்காது. வீட்டில் ஓடும் கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நாற்காலியோடு மெல்ல மெல்லத் திரும்பினால் ஏதோ ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். சாவிக்காரரின் கூடத்தில் அப்படிப்பட்ட திசைகள் இரண்டுதான். ஒன்று ஜன்னல். அங்கே பார்த்தால் எதிர்மாடியில் மச்சான் டீயோடு உட்கார்ந்திருப்பார். அதற்கு நேர் எதிரே சமையலறை. அங்கே மனைவி, எந்தக் கை சும்மா இருக்கிறது என்று பார்த்துப் பூண்டை நீட்டுவாள். இடையில் எங்கே திரும்பினாலும் வண்டிப் பட்டறை மாதிரி இரைச்சல்தான்.

அவர் மாளிகை கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிம்மதியாக வாசிக்க வேண்டும். அதற்காகத் தன் கையாலேயே புதுக் கிட்டார் ஒன்று செய்வதென்று முடிவு கட்டினார். அதில் இரையாத பிக்கப் போடுவது. எந்தத் திசையில் திரும்பினாலும் அமைதி.

மனைவி மறுப்பாள் என்று அவர் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் பதினொன்று. அவள் முதல் வாதத்துக்கே சரி என்றுவிட்டாள். மீதி பத்தும் வீணாய்ப் போனது.

"இதுல சுருள் ரெண்டு. ஒண்ணு கத்துறத இன்னொண்ணு அடக்கிடும்" என்று விளக்கினார்.

"அப்போ நம்ம ரெண்டு பேரு மாதிரி."

"இல்ல. இதுல ரெண்டுக்கும் சம உரிமை."

கட்டையை வெட்டி இழைக்க இரண்டு மாதம் ஆனது. பிறகு பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், கம்பிகளை முறுக்கும் சாவிகள் எல்லாம் வாங்கப் போனார். கடைக்காரர் அளவு கேட்டார். முப்பது வருடம் பூட்டைப் பார்த்தே சாவி வெட்டியவரிடம் போய் அளவா? கண்ணாலேயே எடுத்த அளவைச் சொல்லி அள்ளிக்கொண்டு வந்தார்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரட்டைச் சுருள் பிக்கப் குழிக்குள் பாதிதான் இறங்கியது. பிரிட்ஜ் அகலமாகிவிட்டதால் ஓரத்துக் கம்பிகள் இரண்டும் காந்தத்தை விட்டு விலகிப் போயின. முறுக்குச் சாவிகள் துளைகளில் ஆடுகிற பல் போல ஆடின. சாவிக்காரர் கட்டையைக் குறை சொன்னார், மரத்தைக் குறை சொன்னார், கடைசியில் மச்சானைக் குறை சொன்னார்.

நாலு நாள் கழித்து மனைவி ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி, குழியின் ஆழம், துளையின் விட்டம் எல்லாம் அரை மில்லிமீட்டர் சுத்தமாக எழுதியிருந்தது. யார் எடுத்தது என்று கேட்டார். தையல் டேப் இருக்கிறதே என்றாள். தையல் டேப்பில் அரை மில்லிமீட்டர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. கடைக்காரருக்குத் தோன்றியது. "யாரோ கைதேர்ந்த ஆளு வெர்னியர் அளவுகோல் வச்சு எடுத்த அளவு இது" என்றார். சாவிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக, "நான்தான்" என்றார்.

இந்தத் தடவை பிக்கப் குழியில் பதவிசாக உட்கார்ந்தது. ஆறு கம்பியும் ஆறு காந்தத்துக்கு நேர் மேலே ஓடின. மாலை ஆறு மணிக்கு ஒயரைச் செருகினார். சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று விளக்கை நிமிர்ந்து பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். ஒன்பது வருடத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

மனைவி இன்னொரு நாற்காலியோடு வந்தாள். சுவரோரம் இருந்த பழைய ஸ்டெபிலைசரின் ஒயரைப் பிடுங்கி, அதை நகர்த்திவிட்டு, நாற்காலியை அவருக்கு நேர் எதிரே போட்டாள்.

"இது யாருக்கு?"

"அண்ணனுக்கு. அவர் எடுத்த அளவாச்சே. சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்க வராரு."

சாவிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தார். இந்தப் பக்கம் இரையும் என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"இரையாதுங்க. அதுக்குத்தானே செஞ்சீங்க?"

பேச்சை மாற்ற அவருக்குக் கிடைத்தது ஸ்டெபிலைசர்தான். இது எதற்கு இங்கே இருந்தது என்று கேட்டார்.

"பழைய டிவிக்கு வாங்கினது. டிவியை மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

பிறகு காய் நறுக்குகிற நிதானத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள். இரைச்சலே அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது, அதை ஒரு விரற்கடை திருப்பினால் அவரும் நாற்காலியோடு ஒரு விரற்கடை திரும்புவார் என்று முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாளாம். தினமும் முகத்தைப் பார்த்தால் என்றைக்காவது பேசிவிடுவார்கள் என்று ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்தாளாம். இரண்டு பேரும் மசியவில்லை. அதனால்தான் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணனை அளவெடுக்கக் கூப்பிட்டாளாம்.

சாவிக்காரர் ஸ்டெபிலைசரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இதை அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருந்தா?"

"பழைய கிட்டாரே போதும்."

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மச்சான் வந்தார். சாவிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். நாற்பது அடி நடந்து வந்த மனிதர் வெறும் வாயோடா வந்திருப்பார்? மச்சான் பிரிட்ஜைத் தடவிப் பார்த்தார். முறுக்குச் சாவியை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ம், வாசிங்க மாப்ளே."

வாசித்தார். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு அருமையாகத்தான் வந்தது. மூன்றாவது பாட்டுக்கு மச்சானின் கால் தாளம் போட்டது. மனைவி இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தாள்.

ஒன்பது வருடமாக வரவேண்டிய மன்னிப்பு அன்றைக்கும் வரவில்லை. மச்சான் மட்டும் தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுகிறார்.