மாதாவை முன்னால் போட்ட கதை

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. அதனால் ஒன்றும் கெடவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேனே, அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது. (எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தானாகக் கெடாது. நான் சரிசெய்யப் போனால்தான் கெடும்.)

நான் கோவை பீளமேட்டில் கணக்கு டீச்சர். எங்கள் சொந்தபந்தங்களுக்குள் வரன் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பு உண்டு. "டீச்சர்தான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவிக" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். மறுத்திருக்கலாம். ஆனால் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஊரில் உள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் முதலில் என் கண்ணில்தான் படுவார்கள் என்றால் எந்த அம்மாதான் மறுப்பாள்?

விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் என் வீட்டுக்காரரின் அக்கா மகன் சுரேஷ். பெரிய சர்வர் எல்லாம் இல்லை. தரவுத்தளம் மொத்தமும் ஒரே ஒரு கோப்பு. வெளிநாடு கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னான். "அத்தை, புரோகிராமை மூடிப்போட்டு அப்புறமா காப்பி எடுங்க. அந்த ஃபைலுக்குப் பக்கத்துல வேற எது முளைச்சாலும் கை வெக்காதீங்க."

"செரி கண்ணு" என்றேன். என்னிடம் யார் எதைச் சொன்னாலும் நான் சொல்வது அதுதான்.

அந்த ஞாயிறு, ஒரு வரனைச் சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கரண்ட் போயிருந்தது. வந்த பிறகு பார்த்தால், கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில், வால் முளைத்த மாதிரி இன்னொரு கோப்பு. குப்பையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அழித்தேன். குப்பைத்தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்தேன்.

அது குப்பை இல்லை, மருந்து. எதையும் மாற்றி எழுதுமுன் தரவுத்தளம் பழைய பக்கத்தை அந்த வால் கோப்பில் பத்திரப்படுத்திக்கொள்ளுமாம். பாதியில் கரண்ட் போனாலும், அடுத்த முறை திறக்கும்போது அதைப் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம். நான் ஒன்றுமே செய்யாமல் திறந்திருந்தால் போதுமாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராதே!

திறந்தேன். தரவுத்தளம் சிதைந்துவிட்டது என்றது திரை. பத்திரமாக எடுத்து வைத்திருந்த நகலைத் திறந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த நகல் அது.

சுரேஷிடம் கேட்க மானம் தடுத்தது. இணையத்தில் வீடியோ பார்த்து, மீட்புக் கட்டளை ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பழைய கோப்பைத் துழாவி, படிக்க முடிந்ததையெல்லாம் புதுக் கோப்பில் எடுத்து வைக்கும் கட்டளை. பெரும்பாலான வரன்கள் முழுசாகவே வந்துவிட்டார்கள். சிலர் மட்டும் திருவிழாவில் தொலைந்த குழந்தைகள் மாதிரி தனி அட்டவணையில் நின்றார்கள். அதில் கட்டங்களுக்குத் தலைப்பு இல்லை. எது உயரம், எது நட்சத்திரம் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு கட்டங்களில்தான் சிக்கல். இரண்டிலும் கூட்டத்தின் பெயர். ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி. எது எது?

(வெளியூர்க்காரர்களுக்கு: கூட்டம் என்றால் குலம்; ஒவ்வொன்றுக்கும் தனிக் குலதெய்வக் கோயில் என்பதால் 'கோயில்' என்றும் சொல்வோம். பிள்ளைகளுக்கு அப்பாவின் கூட்டம்தான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.)

யாராவது ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் யோசித்தேன். மாதா, பிதா, குரு, தெய்வம். மாதாதானே முதலில்? முதல் கட்டத்துக்கு 'அம்மா' என்று தலைப்பு வைத்தேன். இரண்டாவதற்கு 'அப்பா'. பெண்ணினத்துக்கே நியாயம் செய்துவிட்ட திருப்தியோடு எழுந்துபோய்ச் சாம்பார் வைத்தேன்.

மறுவாரமே அந்த அட்டவணையிலிருந்து ஒரு முத்து கிடைத்தது. நவீன். கோவையிலேயே வேலை, பெற்றோர் தாராபுரம். அவன் அம்மா எங்கள் கூட்டத்துப் பெண் என்றது கம்ப்யூட்டர். அப்படியானால் என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை. பையன் என் மகளுக்கு அத்தை மகன்! ஜாதகக் கட்டமும் பொருந்தியது. போனில் அந்த அம்மா, "கூட்டமெல்லாம் செரியாப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துருச்சுங்க" என்றேன்.

என் மகள் மதுவைச் சம்மதிக்க வைப்பதற்குள் தாவு தீர்ந்தது. "இதுதான் கடைசிம்மா. இதுவும் அமையலைன்னா அப்புறம் நானே பாத்துக்குவேன். நீ அந்தக் கம்ப்யூட்டரோட என் பக்கமே வரக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆக, எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அன்று காலை முதல் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. விரித்த போர்வையையே மூன்று முறை விரித்தேன்.

பெற்றோர் முதலில் வந்தார்கள். பையன் ஆபீசிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் பஜ்ஜித் தட்டை நீட்டும்போதே முறை கொண்டாட ஆரம்பித்துவிட்டார்.

"சாப்புடுங்க மச்சான்! எடுத்துக்க அம்மணி! நீ எங்க கோயில் பொண்ணு, என்ர கூடப் பொறந்தவளாட்ட."

அந்த அம்மா முழித்தார். "நானுங்களா? நான் அந்தக் கோயில் இல்லீங்களே. இவிகதானுங்க அந்தக் கோயில்" என்று தன் கணவரைக் காட்டினார்.

பஜ்ஜியைப் பாதி கடித்திருந்த நவீனின் அப்பா, மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

"அப்ப நான் மச்சான் இல்லீங்களா?"

"இல்லீங்ணா" என்றார் என் வீட்டுக்காரர். அந்த 'ணா' அதற்குள் எப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டதோ!

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வால் கோப்பில் ஆரம்பித்து, தலைப்பில்லாத கட்டங்கள் வழியாக மாதா பிதா வரைக்கும் வந்தேன்.

"ஏனுங்க டீச்சர், பழமொழிய வெச்சா பொண்ணு குடுப்பாங்க?" என்றார் அந்த அம்மா. உள்ளறையில் பட்டுப்புடவையோடு இருந்த மது சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அட்டவணையில் இருந்த மற்றவர்கள் ஞாபகம் வந்தது. யார் வீட்டில் இந்த நேரம் அண்ணனுக்குத் தங்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்களோ! ஓடிப்போய் ஒவ்வொரு வீடாகப் போன் செய்தேன். "உங்க கூட்டம் அப்பா வழியா, அம்மா வழியா?" என்று மூச்சிரைக்கக் கேட்டதில், "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றுதான் எல்லாரும் திருப்பிக் கேட்டார்கள். நல்லவேளை, வேறு யாரும் பஜ்ஜி வரைக்கும் போயிருக்கவில்லை.

இப்போதெல்லாம் புரோகிராமை மூடிவிட்டுத்தான் நகல் எடுக்கிறேன். எடுத்த நகலைத் திறந்தும் பார்க்கிறேன். சோதனைக் கட்டளை 'சரி' என்று சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை. யு.பி.எஸ். வாங்கியாயிற்று. இருந்தும், கரண்ட் லேசாக மினுக்கினால் இன்றும் அடுப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடுகிறேன். ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தால், "அம்மா, கட்டம் மாறிப்போச்சா?" என்று கேட்கிறாள் மது. தனக்கான மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். அவரும் அதையேதான் கேட்கிறார்.

அன்றைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் நவீன். போனை எடுக்காததால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. புதுச் சட்டை, கையில் பூப்பொட்டலம். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மது காப்பியோடு வெளியே வந்து, "வாங்கண்ணா" என்றாள். அவன் அவளைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னோம். மூச்சை நீளமாக விட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"போட்டோவப் பாத்தப்பவே எங்க அக்காளாட்டவே இருக்குதுன்னு சொன்னேனுங்க. 'போற எடத்துல இப்படி ஒளறி வெக்காதே, போயி மூஞ்சியக் கழுவு'ன்னு சொல்லிப்போட்டாங்க எங்கம்மா."