பொமரேனியன் காலமானது

"என் நாய் செத்துப்போச்சாம். உங்க ஆஸ்பத்திரியிலேருந்து மெசேஜ் வந்திருக்கு" என்றார் தபால்காரர்.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட நாய் அவருடைய செருப்பு வாரை மென்றுகொண்டிருந்தது.

ரிசப்ஷன் பெண் போனை வாங்கிப் பார்த்தாள். 'ஆழ்ந்த இரங்கல். தங்கள் செல்லம் இன்று காலை எங்கள் மருத்துவமனையில் காலமானதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்று சுத்தமான தமிழில், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருந்தது.

"ஏதோ தப்பா வந்திருக்குங்க. நீங்க கெளம்புங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், தையல்காரம்மா ஒருவர் ஒரு வெள்ளை நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. பின்னாலேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் கையிலும் ஒரு வெள்ளை நாய். வாசலில் இன்னும் நான்கைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பொமரேனியன். எல்லாம் குரைத்துக்கொண்டிருந்தன. செத்த நாய்கள் இவ்வளவு சத்தம் போட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை.

ரிசப்ஷன் பெண் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாடி சார்! கொஞ்சம் வாங்க!"

மாடி சார் என்பது டாக்டரம்மாவின் கணவர். மருந்து வைக்கும் அறையில், நாய்த்தீனி மூட்டைகளுக்கு நடுவே ஒரு லேப்டாப்போடு அவர் குடியிருந்தார். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு மூன்று வருஷமாக ஒரு மொழி உருவாக்கிக்கொண்டிருந்தார். பேசுகிற மொழி இல்லை. உலகத்தில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் படம் போட்டுச் சொல்கிற மொழி. அந்தப் படத்தில் எந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் விதிகளும் எழுதியிருந்தார். அந்த விதிகள் ஒன்றோடொன்று முரண்படவே படாது என்று நிரூபித்தும் இருந்தார். நிரூபணம் மருந்து அலமாரியின் கதவு முழுக்கச் சாக்கட்டியில் இருந்தது. அதை யாரும் துடைக்கக்கூடாது.

டாக்டரம்மாவுக்கு அவர் ஒருமுறை விளக்கியிருந்தார்.

"தரைத்தளத்துல உன் பேஷண்ட், ஒரு நாய்னு வெச்சுக்கோ. முதல் மாடியில அதோட இனம். ரெண்டாவது மாடியில 'இனம்'ங்கற கருத்து. மத்தவங்க சாஃப்ட்வேர்ல ரெண்டே தளம்தான். என்னோடதுல எத்தனை மாடி வேணாலும் கட்டலாம். நடு மாடியில இருக்கறது கீழேருந்து பாத்தா வகை, மேலேருந்து பாத்தா ஒரு பொருள். ரெண்டுமே அதுதான்."

"அதாவது என்னை மாதிரி. எங்க அம்மாவுக்கு மக, நம்ம பொண்ணுக்கு அம்மா."

"கிட்டத்தட்ட."

"இதைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு வருஷம் ஆகலையே?"

சொன்னாளே தவிர, தன் ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுப் பார்க்க அவள்தான் சம்மதித்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். ஓடினால் இன்னும் ஒரு வருஷம் அவர் இஷ்டம்போல் மாடி கட்டலாம். ஓடாவிட்டால் அவளுடைய அண்ணன் மேனேஜராக இருக்கும் தண்ணீர்த்தொட்டி கம்பெனியில் சேர வேண்டும். தொட்டி வாங்குபவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி அளவெடுக்கிற வேலை. "மாடி மாடியா ஏறறதுதானே உங்களுக்குப் பிடிக்கும்?" என்று வேறு கேட்டுவிட்டாள். அண்ணன் பதில் கேட்க இன்று சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

மாடி சார் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"காலையில என்ன போட்டே?" என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டார்.

"அவசரமா ஒரு பொமரேனியன் வந்துச்சு சார். டாக்டரம்மா எவ்வளவோ பாத்தாங்க, பொழைக்கல. இறந்த தேதி போடணும்ல? பொமரேனியன்னு தேடினேன். ஒரு கட்டம் வந்துச்சு. அதுல போட்டேன்."

மாடி சார் எட்டிப் பார்த்தார். அவள் தேதி போட்டது நாயின் கட்டத்தில் இல்லை. முதல் மாடியில், இனத்தின் கட்டத்தில். இன்று காலை முதல் பொமரேனியன் என்ற இனமே பூமியில் இல்லை.

வேறு எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் 'இனம் எப்படிச் சாகும்?' என்று எதிர்த்துக் கேட்டிருக்கும். இவருடையது கேட்கவில்லை. வகைக்கும் பொருளுக்கும் பேதமே பார்க்காத பெருந்தன்மை அதற்கு.

"சின்ன விஷயம்" என்றார் மாடி சார். "தேதிய அழிச்சிட்டா போச்சு."

அழித்தார். அடுத்த நிமிஷம் அத்தனை பேருடைய போனும் ஒன்றாகக் கூவியது.

தையல்காரம்மா படித்தார். "'வாழ்த்துகள்! தங்கள் இல்லத்தில் புது வரவு. கண் திறந்ததும் முதல் தடுப்பூசிக்கு அழைத்து வரவும்.' என்னங்க இது? என்னுது பல்லு போன கிழ நாய். அதுவும் ஆண் நாய்!"

"எங்க வீட்டம்மாவுக்கும் இது போயிருக்கு" என்றார் தபால்காரர். அவர் முகம் வெளிறியிருந்தது. "புது வரவு யாருன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

இல்லாத ஒன்று இருப்பதாக மாறினால் அதைப் பிறப்பு என்று கொள்க. அந்த விதியை எழுதிய அன்று மாடி சாருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராத சந்தோஷம். இப்போது தூக்கம் வராததற்கு வேறு காரணம் வந்துவிட்டது.

டாக்டரம்மா கையுறையோடு உள்ளிருந்து வந்தாள்.

"என்னங்க சத்தம்? உள்ள பூனைக்குத் தையல் போட்டுட்டு இருக்கேன். அது என்னைப் பிறாண்டுது."

"ஒண்ணுமில்லம்மா. மரணம் தப்பான மாடியில இருக்கு. ஒரு மாடி இறக்கிட்டா சரியாயிடும்."

"எதை இறக்கறீங்க?"

"மரணத்தை."

அவள் அவரையே ஒரு கணம் பார்த்துவிட்டு, பூனையே தேவலை என்று உள்ளே போனாள்.

அவர் மொழியில் எந்தத் தகவலுக்கும் பக்கத்தில் ஒரு எண் போடலாம். ஒன்று என்று போட்டால், இது இந்தக் கட்டத்துக்கு இல்லை, இதற்கு ஒரு மாடி கீழே இருப்பவர்களுக்கு என்று அர்த்தம். இறப்புத் தேதிக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டார். இனம் பிழைத்தது. தேதிக்கான இடம் கீழே இறங்கியது. எல்லாம் விதிப்படி நடந்தது.

போன்கள் மறுபடியும் கூவின. இந்த முறை வாத்தியார் வகுப்பில் வாசிக்கிற குரலில் எல்லோருக்குமாக வாசித்தார்.

"'தங்கள் நாயின் இறப்புத் தேதி இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. மேலும் தாமதிக்காமல் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'"

தையல்காரம்மா நாயை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"மிரட்டறீங்களா?" என்றார் தபால்காரர்.

"ஐயோ, இல்லைங்க. இறப்புத் தேதின்னு ஒரு இடம் ஒவ்வொரு நாய்க்கும் இருக்குன்னு நான் சொன்னேன். இடம் இருந்தா அதை நிரப்பணும்ங்கறது விதி."

"நிரப்பலேன்னா?"

"நாளைக்கு மறுபடியும் ஞாபகப்படுத்தும்."

சொல்லியிருக்க வேண்டாம். கூட்டம் மேசையை நெருங்கியது. நாய்களும் நெருங்கின. மாடி சாருக்குத் தலை சுற்றியது. எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே குழம்பிப்போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, குரங்கு என்ற இனத்துக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது.

"சார், கரண்ட்ட புடுங்கிடவா?" என்று ரிசப்ஷன் பெண் கேட்டாள்.

"வேணாம். ஒரே ஒரு வழி இருக்கு. எல்லாத்தையும் உச்சி மாடிக்குக் கொண்டுபோயிடறேன். 'உயிரினம்'னு ஒரு கட்டம். பிறப்பு, இறப்பு, ஊசி, எல்லாம் அங்கேயே. கீழே யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது."

அந்த உச்சி மாடியின் கீழே வேறு யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்பதை அவர் மறந்துபோனார். நாய்க்கும் பெயர், வயது, விலாசம் உண்டு. அதை வளர்ப்பவருக்கும், வைத்தியம் பார்ப்பவருக்கும் பெயர், வயது, விலாசம் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவானேன் என்று அவர்களையும் உயிரினத்தின் கீழேதான் சேர்த்திருந்தார்.

மாற்றியதும் போன்கள் மறுபடி கூவின. வாத்தியார் வாசிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் தேய்ந்து, மனசுக்குள் படித்து முடித்தார். பிறகு போனை மாடி சாரிடமே நீட்டினார்.

'தங்களுக்குக் குடற்புழு மருந்து தரும் நாள் நெருங்குகிறது. வெறும் வயிற்றில், கழுத்துப்பட்டை அணிந்து, உடன் ஒருவர் பிடித்துவர வரவும்.'

"யாரு சார் என்னைப் பிடிச்சுட்டு வரணும்?" என்றார் வாத்தியார்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தாள். கையில் பூனை பிறாண்டிய கோடு. இன்னொரு கையில் அவளுடைய போன்.

"தாங்கள் கடிக்கும் வழக்கம் உள்ளவரா, ஆம் எனில் முன்கூட்டியே தெரிவிக்கவும்னு எனக்கு வந்திருக்கு" என்றாள். "ஆம்னு போட்டுக்கோங்க."

ரிசப்ஷன் பெண் யாரையும் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. போன்கள் அடங்கின. டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு நாயையும் தடவிக்கொடுத்து, உயிரோடு இருப்பதாகத் தன் வாயால் உறுதி சொல்லி அனுப்பிவைத்தாள். தபால்காரர் மட்டும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லும்படி கெஞ்சினார். அதையும் செய்தாள்.

கூட்டம் போனபிறகுதான் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பது மாடி சாருக்குத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கையில் வெறும் சங்கிலி.

"உங்களுக்கு என்னங்க மெசேஜ் வந்துச்சு?" என்று மாடி சார் கேட்டார். எதையும் கேட்கத் தயாராகத்தான் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வரல சார். காலையில போனது என் குட்டிதான். அதோட கழுத்துப்பட்டை உள்ள இருக்கு. வாங்கிட்டுப் போலாம்னு உக்காந்தேன். எல்லாரும் அவசரமா இருந்தாங்க. முடிக்கட்டும்னு இருந்துட்டேன்."

மாடி சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாய் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டமே இல்லை. இல்லாததால்தான் ரிசப்ஷன் பெண் தேடியபோது இனத்தின் கட்டம் வந்தது. ஊரில் உள்ள நாய்களுக்கெல்லாம் இரங்கல் போயிருக்கிறது. நிஜமாகவே நாயைப் பறிகொடுத்தவருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. அலமாரிக் கதவு நிறைய விதிகள் எழுதிய மனுஷன் வெட்கத்தால் கூனிக் குறுகிப்போனார்.

அவரே உள்ளே போய்க் கழுத்துப்பட்டையை எடுத்துவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "நிறைய வருஷம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"என் பொண்ணு கல்யாணமாகிப் போன வாரத்துல வாங்கினேன் சார். வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு." கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களாவது கேட்டீங்களே."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மாடி சார் ஈரத் துணியை எடுத்து அலமாரிக் கதவைத் துடைத்தார். நிரூபணம் மேலிருந்து கீழாக அழிந்தது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"என் விதிகள்ல ஒரு முரண்பாடுகூட இல்லம்மா. ஒண்ணுக்கொண்ணு முரண்படாம எல்லாமே தப்பா இருந்திருக்கு. போதும். உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். நாளையிலேருந்து தொட்டிக்கு அளவெடுக்கப் போறேன்."

மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அவர் கையிலிருந்து ஈரத் துணியை வாங்கிக்கொண்டாள்.

"அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. நாலு பேர் போட்டுப் பாத்தாதான் எதுவும் சரியாகும்" என்றாள்.

"எந்த நாலு பேர் போடப் போறாங்க?"

அவள் பூனையைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வழக்கமாகக் கம்பெனிக் காரில், டிரைவரோடு வருகிறவர் நடந்து வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் மேசைக் கடிகாரம், காபிக் கோப்பை, ஒரு சின்னப் பூந்தொட்டி. முகத்தில் ஈயாடவில்லை.

"வாங்க மச்சான்" என்று எழுந்து நின்றார் மாடி சார். "நான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்கே வேலைக்கு வரேன்."

அண்ணன் பெட்டியை மேசைமேல் வைத்தார். தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்த வேலைக்கு மாப்ள?" என்றார் அண்ணன். "என் வீட்டுக்காரர் மூளைக்கு ஈடே கிடையாதுன்னு இவ சொன்னாளேன்னு உங்க சாஃப்ட்வேரைத்தான் போன வாரம் எங்க கம்பெனில போட்டேன், இன்னிக்குக் காலையில ஒரே ஒரு டிரைவர் ரிட்டயர் ஆனார், இப்ப முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் மாலை போட்டு அனுப்பிட்டு நான்தான் கடைசியா கதவைப் பூட்டிட்டு வரேன்!"