தடையை மீறிய பல்செட்

இந்தப் பல்செட்டை வாயில் வைப்பதில்லை என்று வீட்டில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஆதரித்தவன் நான். எதிர்த்தவள் மனைவி. ஓட்டு சமம். தலைவர் என்ற முறையில் எனக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்று அறிவித்தேன். தீர்மானம் நிறைவேறியது. அவள் பல்செட்டைக் கழுவித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

மில் வாசலில் நாற்பது வருஷம் முழங்கிய வாய் இது. தடியடிக்கு அசையாத பற்கள் சொத்தைக்குச் சரணடைந்துவிட்டன. இப்போது 'தோழர்களே' என்று ஆரம்பித்தால் காற்றுதான் வருகிறது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முதல் பேச்சு எப்போதும் என்னுடையது. இன்றைய செயலாளர், நாங்கள் அடிபட்டு வாங்கிய போனஸில் வளர்ந்த பிள்ளை, "ஐயா மேடையில சும்மா உட்கார்ந்தா போதும்" என்கிறான். என்னைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் நாற்காலியில் மாட்டிப் பார்க்கிறான்.

பேச வேண்டுமென்றால் பல் வேண்டும். பல்செட்டோ வாய்க்குள் புகுந்த கருங்காலி.

பல் டாக்டரம்மாவிடம் கோரிக்கை வைத்தேன். இடது பக்கம் குத்துகிறது. தேய்த்துக் கொடுத்தார். அடுத்த முறை வலது பக்கம். அதையும் தேய்த்தார். அதற்கடுத்த முறை, பொதுவாகப் பிடிக்கவில்லை என்றேன்.

"ஐயா, இனிமே தேய்க்க ஒண்ணுமில்ல. செட்டு சரியாத்தான் இருக்கு. நீங்கதான் அதோட சண்டை போடறீங்க. கொஞ்ச நாள் பழகுங்க."

"பழகிப் போறதுக்குப் பேர்தாம்மா அடிமைத்தனம்!"

வெளிநடப்புச் செய்தேன். மனைவி மட்டும் உள்ளே நின்று ஏதோ பேசிவிட்டு வந்தாள். தெருவில் இறங்கியதும் கேட்டேன்.

"என்னவாம்?"

"உங்க வழிக்கே வந்துட்டாங்க. இந்த வயசுல உங்க ஈறு தாங்காதாம். காலைல அரைமணி நேரம் போட்டுக்கலாம். அதுக்கு மேல கூடாதாம்."

"கூடாதா?"

"கூடாது. போட்டுக்கிட்டு மெல்லக் கூடாது. சத்தமாப் படிக்கக் கூடாது. மேடைப் பேச்சு கூடவே கூடாது."

"என் வாய்க்குத் தடை போட அவங்க யாரு?"

"டாக்டர். கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

ஊரடங்கு உத்தரவையே ஊர்வலமாகப் போய் மீறியவன் நான். மறுநாள் காலை பல்செட்டை மாட்டினேன். அரைமணி ஆனது.

"கழட்டுங்க."

"முடியாது."

"அய்யோ, சாப்பிடும்போதாவது!"

மென்றேன். இரண்டு பக்கமும் மென்றேன். அவள் பார்க்கும்படி மென்றேன். பழைய துண்டுப் பிரசுரங்களை எடுத்துக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். குத்தியது. ஒரு பல்செட்டுக்குப் பணிவதற்கா சிறை போனேன்? அவள் கையைப் பிசைந்தபடி, "சொன்னா கேக்கவா போறீங்க" என்று புலம்பினாள். அந்தப் புலம்பல் எனக்குத் தெம்பாக இருந்தது. இன்னும் இரண்டு பிரசுரம் படித்தேன்.

ஆண்டுக் கூட்டத்தில் பேசினேன். ஒரு எழுத்துகூட நழுவாமல் கடைசி வரிசை வரை போனது. செயலாளர் கைதட்டினான். வேறு வழி?

மறுநாளே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவின் முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"உங்க தடையை உடைச்சிட்டேன்!"

"என்ன தடை?"

"அரைமணிக்கு மேல போடக் கூடாது, மெல்லக் கூடாது, படிக்கக் கூடாது..."

"நானா? நாள் முழுக்கப் போடணும், ரெண்டு பக்கமும் மெல்லணும், சத்தமாப் படிக்கணும்னுதானே அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன்?"

மனைவி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வரும்வரை பொறுத்தேன்.

"பொய்தானே சொன்னே?"

"ஆமா."

"ஒரு போராளிகிட்ட?"

"போடுங்க போடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? போட்டீங்களா? போடாதீங்கன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. நீங்க பாத்திரம் மட்டும் தேய்க்கவே கூடாதாம்."

இதுவும் பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.