கோமாவில் ஒரு காதல் பாடகர்

"சார், நீங்க கோமாவுல இருக்கீங்க. காலை ஆட்டாதீங்க," என்றார் இயக்குநர்.

படுக்கையில் கிடந்த பாடகர் வேண்டுமென்றேதான் ஆட்டினார். ஒரு காலத்தில் அவர் காதல் பாட்டு ஒலிக்காத பஸ் உண்டா, கல்லூரி விடுதி உண்டா? கேசட் உறையில் அந்தச் சுருள்முடியைப் பார்த்தே பெருமூச்சு விட்டவர்கள் எத்தனை பேர். அதெல்லாம் ஒரு காலம். கேசட் போனது, சுருளும் போனது, சீரியலில் அப்பா வேஷம் வந்தது. அதிலும் அவரை மாடிப்படியில் உருட்டிவிட்டு, மூக்கில் குழாயைச் சொருகிப் படுக்கப் போட்டுவிட்டாள் கதை எழுதுகிற அம்மா. பாடகனுக்கு வாயே திறக்காத வேஷம்! வயிறு எரியாதா?

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஜனங்கள் சுத்தமாக மறப்பதற்குள், கண் திறந்து பழைய பாட்டில் நாலு வரி பாடிவிட வேண்டும்.

காலாட்டிய சேதி கதாசிரியைக்குப் போனது. மறுநாள் காலில் மாவுக்கட்டு.

விரலை அசைத்துப் பார்த்தார். கைக்கும் கட்டு வந்தது.

இமையைத் துடிக்கவிட்டார். கண்ணையும் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுவிட்டார்கள்.

நேரிலேயே போய்க் கெஞ்சினார். "ஏம்மா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்? எழுப்பித்தான் விடேன்."

"பேசாம படுங்க சார்," என்றாள் அவள், எழுதுவதை நிறுத்தாமல்.

"பாட்டுன்னாலே உனக்கு ஆகாதா?"

"படுங்கன்னா படுங்களேன்."

கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

அந்த வாரம் சேனல் அதிகாரி படப்பிடிப்பைப் பார்க்க வந்தார். இதைவிட்டால் ஏது வாய்ப்பு? காமிரா ஓடும்போதே கண்கட்டைப் பிய்த்தெறிந்து எழுந்து உட்கார்ந்தார் நம் ஆள். பாடினார். குரல் கொஞ்சம் கரகரத்தாலும் குழைவு அப்படியே இருந்தது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து நின்றார். லைட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவர் இன்னுமா இருக்கார்?" என்று அதிகாரி வாய்பிளந்தார். பாடகருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூலையில் கதாசிரியை முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

"பார்த்தியா, அவளையே அழ வச்சிட்டேன்," என்றார் மேக்கப்காரம்மாவிடம்.

அவள் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை மெல்ல எடுத்தாள்.

"பாட்டுக்கு அழல சார். உங்களைச் சாகடிக்கச் சொல்லி சேனல்ல எப்பவோ சொல்லியாச்சு, உங்க பாட்டுன்னா உசிரை விடுற அவங்கதான் 'இன்னிக்குப் போயிடுவார், நாளைக்குப் போயிடுவார்'னு சொல்லிச் சொல்லி இத்தனை நாளா உங்களை உயிரோட வச்சிருந்தாங்க."