மனுப் போட்ட உடும்பும் துணி காயப்போட்ட பன்றியும்

ஒரு காட்டில் முத்தரசி என்றொரு உடும்பு இருந்தாள். முதுகலை படித்தவள். ஒரு வாதத்தைப் பிடித்தால் விடமாட்டாள். எதிராளி "சரிம்மா, நீ சொல்றதுதான் சரி" என்று இறங்கி வந்த பிறகும், எந்தக் காரணத்தால் சரி என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி இன்னும் அரை மணி நேரம் தொங்கிக்கொண்டிருப்பாள்.

அந்தக் காட்டில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறைதான் அரசுப் பணித் தேர்வு வரும். இந்த முறை மூன்று மாதத்தில் தேர்வு. யானை நடத்திய பயிற்சி மையத்தின் வாசலை எட்டிப் பார்க்கக்கூட முத்தரசிக்கு வசதி இல்லை. ஆனால் சிங்கத்தின் அரசு பெரிய மனது பண்ணி ஒரு கல்வி சேனலை வானத்தில் விட்டிருந்தது. தினமும் காலை பத்து மணிக்குத் தேர்வுப் பாடம். மாதச் சந்தா கிடையாது. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று பாறைக்குப் பாறை எழுதியும் வைத்திருந்தார்கள்.

முத்தரசி நேராகப் பழைய சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் காசிலிங்கம் ஒரு பெருச்சாளி. ஊரே தூக்கிப் போட்டதில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மோந்தே சொல்லிவிடுவார். அவர் ஒரே மாதிரி இரண்டு பாக்ஸ்களை டிஷ்ஷோடு எடுத்து வைத்தார். இரண்டும் ஒரு காலத்தில் 'தோகை டிவி' என்ற மயில் கம்பெனியின் சந்தாக்காரர்கள் வீட்டில் இருந்தவை. அவர்கள் புது பாக்ஸ் வாங்கியதும் பழசைக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

"காசு கட்டுற சேனல் ஒண்ணும் இதுல வராது, பூட்டிருப்பான்," என்றார் காசிலிங்கம். "ஆனா சர்க்கார் சேனல் வானத்துல சும்மா வருது. அதுக்கு இது போதும், தாயி."

ஒன்றை முத்தரசி வாங்கினாள். இன்னொன்றை, கூடவே வந்திருந்த பக்கத்து வீட்டு மாடத்தி வாங்கினாள். மாடத்தி ஒரு காட்டுப்பன்றி. ஏழு குட்டிகளுக்குத் தாய். குட்டிகளை ஒரு மணி நேரமாவது ஒரு இடத்தில் உட்கார வைத்தால் போதும், என்ன படம் ஓடினாலும் சரி என்பது அவள் கணக்கு.

அன்று மாலை முத்தரசி பாறைமேல் ஏறி டிஷ்ஷைத் திருப்ப, உள்ளே டிவி முன்னால் இருந்து மாடத்தி குரல் கொடுத்தாள். வருது என்றாள், போச்சு என்றாள், கொஞ்சம் கிழக்கே என்றாள், அவ்வளவு போகச் சொல்லல ஏட்டி என்று திட்டினாள். கடைசியில் சிக்னல் அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. பிறகு மாடத்தி வீட்டு டிஷ்ஷையும் அப்படியே நிறுத்தினார்கள். முதல் நாளே மாடத்தியின் கடைக்குட்டி ரிமோட்டைக் கடித்துத் தின்றுவிட்டதால், அந்த வீட்டு டிவி கல்வி சேனலிலேயே நின்றுவிட்டது. மாடத்தி அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை.

ஒரு வாரம் முத்தரசி பாடம் பார்த்தாள். நோட்டில் பாதி நிறைந்தது.

எட்டாம் நாள் தோகை டிவியின் கிளி மரத்துக்கு மரம் பறந்து அறிவித்தது. கம்பெனி பெயர் போட்ட பழைய பாக்ஸ்களை அனுமதியில்லாமல் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. என்ன நடவடிக்கை, எந்தச் சட்டம் என்று முத்தரசி கேட்டதற்கு, உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று மூன்று முறை சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

மாடத்தி உள்ளே போனாள். ஏழு சட்டைகளைத் துவைத்து எடுத்து வந்து டிஷ்ஷின் விளிம்பைச் சுற்றிக் காயப்போட்டாள். தூரத்தில் இருந்து பார்த்தால் துணி காயப்போடும் கொடி மாதிரிதான் இருந்தது. சிக்னல் நாலு சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான்.

"நீயும் ஒரு பாவாடையப் போட்டுவிடு ஏட்டி," என்றாள்.

முத்தரசிக்கு வால் துடித்தது. பாக்ஸ் கடையில் வாங்கியது, அலை அரசாங்கத்துடையது, பார்க்கிற கண் தன்னுடையது. இதில் மயிலுக்கு எங்கே இடம்? ஒரு உரிமையை ஈரப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அது உரிமையா, களவா? இதையெல்லாம் அவள் மாடத்தியிடம் விரிவாகக் கேட்டாள். மாடத்தி குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எழுத்துல வாங்கப் போறேன், அக்கா. இலவசம்னா இலவசம்தான்னு ஒரு கையெழுத்து."

"உனக்கு வேற சோலி இல்லையா?"

மறுநாளே முத்தரசி வானலைத் துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு காலை வேறொரு பிரிவில் கூடுதல் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். முத்தரசியின் மனுவில் ஒரே வரிதான். இலவச சேனலைப் பழைய பாக்ஸில் இலவசமாகப் பார்க்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா?

கொக்கு அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்கலையே," என்றார். "கேட்காததாலதான் எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க."

உண்டு என்று எழுதத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் விளக்கினார். இல்லை என்று எழுதவோ விதி இல்லை. ஆகவே கோப்பு மேலே போகும். அது வரும்வரை முத்தரசி பார்த்தால், முடிவு வருமுன்பே முடிவை அனுபவித்த குற்றம் ஆகும். எங்கும், யார் வீட்டிலும் பார்ப்பதில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பாக்ஸையும் சான்றுப் பொருளாக ஒப்படைக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். முத்தரசி பிடித்ததை விடாத இனம். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எதற்குப் பயம் என்று, பாக்ஸை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். உறுதிமொழியிலும் நகத்தால் அழுத்திக் கையெழுத்திட்டாள்.

பார்வையாளர் நேரம் காலை பத்து முதல் பதினொன்று. பாடம் நடக்கும் அதே நேரம். தினமும் வரிசையில் நின்றாள். பாக்ஸ் அவளுடையதுதான் என்று பில் கேட்டார்கள். குப்பைக்குப் பில் ஏது என்று காசிலிங்கம் சிரித்தார். பாக்ஸ் பழையதுதான் என்று சான்று கேட்டார்கள். தோகை டிவிக்கு ஆட்சேபணை இல்லை என்று தோகை டிவியிடமே கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ஒருநாள் உள்ளறையில் பாட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அவள் பாக்ஸில் வேறொரு சர்க்கார் சேனலின் மீன்பிடி நிகழ்ச்சியைக் கொக்கு பார்த்துக்கொண்டிருந்தார். சான்றுப் பொருள் வேலை செய்கிறதா என்று அன்றாடம் சோதிக்க வேண்டியிருக்கிறது என்றார், கண்ணை எடுக்காமல்.

திரும்பும் வழியில் மாடத்தி கூப்பிடுவாள். இன்னைக்குக் காட்டெல்லைச் சட்டம் நடத்துனாக, நல்லாருந்துச்சு, மத்தியானம் மறுபடி போடுவாக, வா என்பாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி முத்தரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கேட்டுவிடக் கூடாதே என்று காதையும் பொத்திக்கொள்வாள்.

தேர்வு வந்தது. கேள்வித்தாளில் எட்டு நாள் பாடத்துக்கு உரிய கேள்விகளுக்கு முத்தரசி பக்கம் பக்கமாக எழுதினாள். மற்றவற்றில், கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்று வாதாடி எழுதினாள். தேறவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவளுடைய மனுவை முன்னிட்டு 'இலவசப் பார்வை அனுமதிப் பிரிவு' என்று புதுப் பிரிவே தொடங்கியிருக்கிறார்களாம். அதன் புது அதிகாரியை நேரில் சந்திக்கவும் என்றிருந்தது.

முத்தரசி போனாள். நாற்காலியில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஏட்டி பாக்க? அந்தச் சேனல் மாறித் தொலையல. மூணு மாசம் அதையே பாத்தேன். சும்மா பரீட்சை எழுதிப் பாப்போமேன்னு எழுதுனேன். போட்டுட்டாக," என்றாள் மாடத்தி, கொஞ்சம் வெட்கத்தோடு. "நீ மனுப் போடலேன்னா இந்த நாற்காலியே கிடையாதுன்னு சொன்னாக. உன்ன மறக்க மாட்டேன்."

முத்தரசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ என் மனு?"

மாடத்தி கோப்பைத் திருப்பிக் காட்டினாள். அனுமதி அட்டை இல்லாமல் இலவச சேனலை யாரும் பார்க்கக் கூடாது; அட்டை இன்னும் அச்சாகவில்லை; சான்றுப் பொருள் அரசுடைமை. அடியில் மாடத்தியின் கையெழுத்து, புதுப் பேனா மையில் பளபளத்தது.

"இதுல நீங்களா கையெழுத்துப் போட்டீங்க?"

"முதல் கோப்பு. போடாம இருந்தா நல்லாருக்குமா?" மாடத்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ஏழு சட்டை காயுது. நாளைக்குப் பத்து மணிக்கு வா. நான் லீவு."

மறுநாள் பத்து மணிக்கு முத்தரசி மாடத்தி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெளியே டிஷ்ஷில் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே அடுத்த தேர்வுக்கான முதல் பாடம் தெளிவாக ஓடியது. அந்தத் தெளிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மடியில் நோட்டை விரித்து, அதிகாரியின் வீட்டில் அட்டையில்லாமல் அமர்ந்து பார்க்க எனக்கு உரிமை உண்டா என்று எழுத ஆரம்பித்தாள்.

மாடத்தி கையை நீட்டினாள்.

"முதல்ல அந்தப் பேனாவ இங்க கொடு."

நீதி: நமக்கு உரியதை அனுபவிக்க ஒரு ஈரத் துணி போதும். உரியதுதானா என்று எழுதிக் கேட்டால், பதில் சொல்வதற்கென்றே ஓர் அதிகாரி பிறப்பார்.