அமல்ராஜின் திராட்சைக் கத்தரிப் போர்

வாழ்க, முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலே, பந்தல்தோறும் கருந்திராட்சை கொத்துக்கொத்தாய்த் தொங்கும் இராயப்பன்பட்டியின் ஏந்தல், கணக்கு வாத்தியார் அமல்ராஜ்! வெட்டிய குலை மண்ணில் விழாமல், வெட்டிய வாயாலேயே காம்பைக் கவ்விப் பிடிக்கும் அற்புதக் கத்தரியைத் தன் கொல்லையில் வடித்தெடுத்த தேவதச்சன் நிகர்த்தோன் அவன். "உலகத்துலயே இதச் செஞ்ச மொத ஆளு நாந்தேன்!" என்று மாதா கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து முழங்கியும் விட்டான். ஊரே கைதட்டியது. இனிக் காப்புரிமை வாங்காமல் தெருவில் தலைகாட்ட முடியாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, இதை முன்பே எவனேனும் பதிந்திருக்கிறானா என்று பார்க்க லேப்டாப் என்னும் களிற்றின் முன் அமர்ந்தான். காப்புரிமைத் தேடல் தளமென்னும் கோட்டையோ, கோணல்மாணல் எழுத்துகளை வாயிற்காவலாய் நிறுத்தி, 'நீ மனிதன்தானா?' என்று வினவியது. அல்லன் என்று பலமுறை தள்ளப்பட்டும் தளராத தறுகண்ணாளன் ஒருவழியாய் உள்ளே புகுந்து, 'திராட்சைக் கத்தரி' என்று தட்டினான். விடை: ஒன்றுமில்லை.

"அனிதா! எதிரியே இல்ல! பூமியில நான் ஒருத்தன்தேன்!"

கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவி அனிதா மேரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தமிழ்ல கேட்டா அதுக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ்ல போட்டுப் பாருங்க."

போட்டான். அந்தோ! மதகு திறந்த வெள்ளமெனப் பாய்ந்தன ஆயிரமாயிரம் கத்தரிகள். புல்வெட்டிகளை ஒதுக்கினான், முடிவெட்டிகளை வீழ்த்தினான், நகவெட்டிகளின் சேனை சிதறி ஓடிற்று. வகைப்பாட்டு எண் என்னும் கூர்வேலை எறிந்து, பழம் பறிக்கும் கருவிகளை மட்டும் களத்தில் தனியே நிறுத்தி, படம் படமாய்ப் பொருதிச் சென்றவனின் விரல் ஓரிடத்தில் நின்றது. அதே அலகு. அதே வளைவு. காம்பைக் கவ்வும் அதே ரப்பர் உதடு. அமல்ராஜ் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பனிநாட்டுக்காரன் எவனோ வரைந்து பதிந்துவிட்டான். வெஞ்சமர் கண்டு அஞ்சாத அவ்வீரன் அந்தப் படத்தையே மீண்டும் மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தான்.

அனிதா மேரி கரண்டியோடு வந்து திரையைப் பார்த்தாள். "இங்கன பாருங்க, எக்ஸ்பயர்டுன்னு போட்டிருக்கு. அப்ப இனி யாரு வேணாலும் செஞ்சுக்கலாம்ல? நம்ம தோட்டத்து ஆளுகளுக்கு நாலு செஞ்சு குடுங்க. பழமாவது வீணாகாது."

"ஊர்ல கேட்டா?"

"மொத ஆளு இல்ல, ரெண்டாவது ஆளுன்னு சொல்லுங்க."

அண்டம் குலுங்க, அட்டதிக்கும் அதிர, பந்தலெல்லாம் நடுங்கப் பெருமூச்செறிந்தான் அம்மாவீரன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அமல்ராஜ் நாலு கத்தரிக்கு ரப்பர் வாங்கக் கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.